நீர்மூழ்கி வாங்கிறலாம் தம்பி, வச்சிருக்கிறதுதான் பெரிய பாடு

பொகவந்தலாவ பக்கம் ஏ/எல் படிக்கிற தம்பி ஒருத்தர் எங்கிட்ட கேட்டிருந்தாரு, "அண்ணே, நம்ம நாடு தீவு, சுத்திவர கடல், பங்களாதேஷே ரெண்டு நீர்மூழ்கிக் கப்பல் வாங்கிருச்சு, மியன்மார்கிட்டயும் இருக்கு, நம்மகிட்ட ஒண்ணு கூட இல்ல. பாதுகாப்புக்குன்னு ஒரு நாடு நீர்மூழ்கிக்கு இவ்ளோ காசு கொட்டுறது சரியா, நம்மளும் வாங்கணுமா?"ன்னு. நல்ல கேள்வி, அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுறேன், பொறுமையா வாசிங்க.

நான் நேவில இருந்த ஆள் இல்ல. நோர்வூட் பக்கத்து தோட்டத்துல பொறந்து வளந்து, 12 வருசம் சரக்குக் கப்பல்ல எஞ்சின் ரூம்ல மோட்டர்மேனா வேல செஞ்சு, இப்ப வீட்டோட இருக்கேன். கப்பல்ல டியூட்டி முடிஞ்சு படுத்துக்கிடக்கிற நேரத்துல கடல் யுத்தம், நீர்மூழ்கின்னு தேடித்தேடி வாசிக்கிறது ஒரு பழக்கமாவே ஆயிருச்சு.

என் பதில மொதல்லயே சொல்லிர்றேன். எதிரி கடல் வழியா வரக்கூடிய நாடா இருக்கணும், முப்பது வருசத்துக்கு விடாம காசு போட முடியணும், அத ஓட்டப் பழகுன ஆளுங்க இருக்கணும். இந்த மூணும் இருக்கிற நாடு செலவழிக்கலாம், செலவழிக்கத்தான் வேணும். மூணுல ஒண்ணு கொறஞ்சாலும் அது துறைமுகத்துல சும்மா கட்டிப்போட்ட இரும்பு. நம்ம நாட்டுக்கு இப்போதைக்கு மூணுமே இல்ல, அதனால வேணாம்.

ஏன் ஒலகம் பூரா இதுக்கு இப்படி ஆசப்படுதுன்னு மொதல்ல பாப்போம். நம்ம பெருசுங்க கெட்டிக்காரப் பயல பாத்து "அவன் பெரிய எம்டன்"னு சொல்லுவாங்க இல்லையா, அந்த எம்டன் நீர்மூழ்கின்னு நெறைய பேர் இன்னும் நெனைச்சிக்கிட்டு இருக்காங்க. அது நீர்மூழ்கி இல்ல, மேல ஓடுற ஜெர்மன் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ்ல எண்ணெய் டாங்கிய சுட்டு எரிய விட்டுட்டுப் போச்சு, நவம்பர் 9ல கொக்கோஸ் தீவுகிட்ட ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி அத அடிச்சு முடிச்சிருச்சு. ஆனா அதே செப்டம்பர் 22 காலையில வட கடல்ல நடந்தது நம்ம ஆளுங்களுக்கு அவ்ளோ தெரியாது. யூ-9ன்னு ஒரு சின்ன ஜெர்மன் நீர்மூழ்கி, உள்ள 30 பேருக்குள்ளதான், ஒண்ணரை மணித்தியாலத்துக்குள்ள அபூக்கிர், ஹோக், கிரெஸ்ஸின்னு மூணு பெரிய பிரிட்டிஷ் கப்பல முக்கிருச்சு. மொதல் கப்பல் அடிபட்டதும் கண்ணிவெடின்னு நெனைச்சு மத்த ரெண்டும் காப்பாத்த கிட்ட வந்துச்சு, வந்ததும் அதுகளும் போச்சு. செத்தது 1,400க்கும் மேல. எம்டன் பேர் நம்ம வாயில இன்னைக்கும் நிக்குது, ஆனா ஒலகத்து நேவிங்களோட தூக்கத்த கெடுத்தது யூ-9தான்.

ரெண்டாவது யுத்தத்துல இது நம்ம மலையையும் தொட்டுச்சு. ஜெர்மன் நீர்மூழ்கிங்க அட்லாண்டிக்ல சரக்குக் கப்பல்கள வரிசையா முக்குனப்ப, பிரிட்டன்ல 1940 ஜூலையில தேயிலைக்குப் பங்கீடு வந்துச்சு, ஒரு ஆளுக்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ். நம்ம பாட்டிமாரு மழையில நனைஞ்சு பறிச்ச கொழுந்து, ஸ்டோர்ல அரைச்சுப் பொட்டி கட்டி கொழும்புல கப்பல் ஏத்துனது, பாதியில கடலுக்கு அடியில போன காலம் அது. ஒரு தீவு நாட்ட பட்டினி போட இதவிட நல்ல ஆயுதம் இல்லன்னு அன்னைக்கே நிரூபிச்சாச்சு. ஆனா அந்த ஆயுதத்துக்குள்ள இருந்தவங்க கதையையும் சேத்துச் சொல்லணும், அந்த ஜெர்மன் நீர்மூழ்கிங்கள்ல போனவங்க சுமார் 40,000 பேர், அதுல 28,000 பேர் வரைக்கும் திரும்பி வரவே இல்ல. எந்த நாட்டுப் படையிலயும் ஒரு பிரிவுக்கு இந்த அளவு சாவு விழுந்தது ரொம்ப அபூர்வம்.

பொறகு 1971ல, டிசம்பர் 9 ராத்திரி, பாகிஸ்தானோட ஹங்கோர் நீர்மூழ்கி இந்தியாவோட குக்ரி போர்க்கப்பல முக்குச்சு, 194 பேர் போயிட்டாங்க. அதுக்கு அஞ்சாறு நாளுக்கு முந்தித்தான் பாகிஸ்தானோட காஸி நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளிய ஆளோட முங்கிப் போச்சு. 1982ல போக்லாந்து சண்டையில பிரிட்டனோட காங்கரர் நீர்மூழ்கி ஆர்ஜென்டினாவோட பெல்கிரானோ போர்க்கப்பல அடிச்சப்ப 323 பேர் செத்தாங்க. நான் இதுல கவனிச்சது அடுத்து நடந்ததத்தான். ஆர்ஜென்டினா நேவியோட பெரிய கப்பல் எல்லாம், விமானந்தாங்கியும் சேத்து, கரைக்குத் திரும்பிப் போயி சண்ட முடியுற வரைக்கும் வெளிய தலகாட்டவே இல்ல. ஒரே ஒரு தாக்குதல், ஒரு நேவியவே வீட்டுக்குள்ள பூட்டிருச்சு. இன்னொரு பக்கம் ஆர்ஜென்டினாகிட்ட சான் லூயிஸ்னு ஒரு சின்ன டீசல் நீர்மூழ்கி இருந்துச்சு. அதோட டார்பிடோ, அதாவது தண்ணிக்குள்ள ஓடிப்போயி கப்பல அடிக்கிற குண்டு, ஒழுங்கா வேல செய்யல, ஒரு கப்பலையும் முக்கல, ஆனா அது எங்கயோ இருக்குங்கிற பயத்துலயே பிரிட்டிஷ்காரங்க திமிங்கிலத்தை எல்லாம் நீர்மூழ்கின்னு நெனைச்சு குண்டா போட்டுத் தீத்தாங்க. நீர்மூழ்கியோட முழு பலமும் இதுதான், "எங்க இருக்குன்னு தெரியல"ங்கிற அந்தப் பயம்.

அது ஏன் தெரியாது? மஸ்கெலியா பக்கம் இருக்கிறவங்களுக்கு இத விளக்குறது லேசு. மவுசாக்கலை அணை கட்டுனதுல பழைய மஸ்கெலியா டவுனே தண்ணிக்குள்ள போச்சு. நல்ல மழ வருசத்துல ரோட்டுல பஸ்ல போறப்ப பாத்தா வெறும் தண்ணிதான், அடியில ஒரு டவுன் இருந்ததுக்கு அடையாளமே இருக்காது. கடும் வெயில் வருசத்துல தண்ணி எறங்கும், கோயில், விகாரை, பள்ளிவாசல்னு ஒண்ணொண்ணா மேல வரும், சனம் போயி சேத்துல நடந்து கும்புட்டுட்டு வரும். அவ்ளோ கொஞ்ச ஆழத் தண்ணிக்கே அத்தன பெரிய கட்டடத்த மறைக்க முடியுதுன்னா கடல யோசிச்சுப் பாருங்க. வெளிச்சம் கொஞ்ச தூரந்தான் எறங்கும், ரேடாரும் ரேடியோவும் உப்புத் தண்ணிக்குள்ள உருப்படியாப் போகாது. மிச்சம் இருக்கிறது சத்தம் மட்டும்தான்.

சத்தமும் நேராப் போகாது. விடியக்காலையில நம்ம மலையில குளிர் அடியில தேங்கி நிக்கிறப்ப, பள்ளத்துக்கு அந்தப் பக்கத்து டிவிசன் கோயில் ஸ்பீக்கர்ல போடுற பாட்டு பக்கத்து லயத்து வீட்டுல பாடுற மாதிரி கேக்கும். அதே ஸ்பீக்கர் பகல் 12 மணிக்கு, வெயில் ஏறுனதுக்குப் பொறகு, பாதி கூட கேக்காது. ஏன்னா சத்தம் எப்பவும் குளிரான பக்கமா, அதாவது அது மெதுவாப் போற பக்கமா வளையும். காலையில அடியில குளிர், சத்தம் நம்ம பக்கம் வளைஞ்சு எறங்குது, பகல்ல தரை சுடுது, சத்தம் மேல தூக்கிட்டுப் போயிருது. கடல்லயும் இதே கதைதான், நம்ம இந்து சமுத்திரத்துல மேல சுடுதண்ணி, ஒரு ஆழத்துக்குக் கீழ சடார்னு குளிர். கப்பல்லேர்ந்து அனுப்புற சத்தம் அந்த எடத்துல கீழ வளைஞ்சு ஓடிரும், அதனால சில எடங்கள்ல சத்தமே எட்டாத நிழல் விழும். கெட்டிக்கார கேப்டன் அந்த நிழலுக்குள்ள போயி நிப்பான். இந்தச் சூட்டுக் கணக்க மறந்துறாதீங்க, நம்ம நாட்டு விசயத்துக்கு வர்றப்ப திரும்ப வேணும்.

சாதாரண டீசல்-எலக்ட்ரிக் நீர்மூழ்கி தண்ணிக்குள்ள பேட்டரியிலதான் ஓடும், பேட்டரி எறங்குனா மேல வந்து ஒரு குழாய நீட்டி காத்த இழுத்து டீசல் எஞ்சின் போட்டு சார்ஜ் பண்ணணும், மாட்டுறது பெரும்பாலும் அப்பத்தான். இப்ப காத்து இல்லாமலே ஓடுற முறை வந்திருக்கு, அதுல ரெண்டு மூணு வாரம் அடியிலயே கெடக்கலாம். சுவீடனோட கோட்லாண்ட் அப்படித்தான், அமெரிக்காக்காரங்க அத ஆளோட வாடகைக்கு எடுத்து 2005ல பயிற்சி பாத்தப்ப, அவங்களோட விமானந்தாங்கி ரொனால்ட் ரேகன அது அடிச்சதா கணக்காச்சு. சின்ன கப்பல், பெரிய கப்பல தூக்கிருச்சு. இத வாசிச்சா எந்த நாட்டுக்கும் ஆச வரும், எனக்கே வந்துச்சு.

இப்ப மத்தப் பக்கம். நான் கப்பல்ல சேந்த ரெண்டாவது வருசம் எஞ்சின் ரூம்ல கடல்தண்ணி கூலிங் குழாய்ல ஒரு வளைவுல துருப்புடிச்சு ஊசி மொன அளவு ஓட்ட விழுந்துச்சு. அவ்ளோதான் ஓட்ட, ஆனா தண்ணி கம்பி மாதிரி நேரா வந்து எதுத்தாப்புல இருந்த கரண்ட் பெட்டியில அடிச்சது. ரப்பர் ஷீட்ட வச்சு கிளிப் போட்டு முறுக்கி நிறுத்துறதுக்குள்ள நானும் இன்னொரு பிலிப்பீன்ஸ் பையனும் முழுசா நனைஞ்சு நடுங்கிட்டோம். நாங்க தண்ணி மட்டத்துக்குக் கீழ ஏழு எட்டு மீட்டர்தான் இருந்தோம், அதுக்கே அந்த வேகம். 300 மீட்டர் ஆழத்துல ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோ அழுத்தம், உங்க உள்ளங்கை அளவு எடத்துல 3 டன். 1963ல அமெரிக்காவோட திரெஷர் நீர்மூழ்கி 129 பேரோட போனதுக்கு இந்த மாதிரி ஒரு கடல்தண்ணிக் குழாய் இணைப்பு விட்டுக்குடுத்ததுதான் காரணமா இருக்கும்னு விசாரணையில சொன்னாங்க. அதுக்குப் பொறகு ஒவ்வொரு வெல்டிங்கையும் ஒவ்வொரு வால்வையும் தாள்ல எழுதி கையெழுத்து வாங்குற முறையே கொண்டு வந்தாங்க, அதுக்கு ஆகுற செலவும் இந்தக் கணக்குலதான் சேரும்.

2000ல ரஷ்யாவோட குர்ஸ்க் 118 பேர். 2013ல மும்பை துறைமுகத்துலயே வெடிச்ச சிந்துரக்ஷக் 18 பேர், அது ரஷ்யாவுக்குப் போயி பெரிய ரிப்பேர் முடிச்சு வந்து கொஞ்ச மாசந்தான். 2017ல ஆர்ஜென்டினாவோட சான் ஹுவான் 44 பேர். 2021 ஏப்ரல்ல இந்தோனேசியாவோட நங்கலா 53 பேர், 800 மீட்டருக்கும் கீழ மூணு துண்டாக் கெடந்துச்சு, அது 40 வருசப் பழைய கப்பல். முங்குறதுக்கு முந்தி அந்தப் பையங்க எல்லாரும் கிட்டார் வாசிச்சுப் பாடுற ஒரு வீடியோ பொறகு சுத்துச்சு, பாத்திருப்பீங்க. என்னால அத முழுசாப் பாக்க முடியல. பழைய கப்பல மலிவா வாங்கிறலாம்னு சொல்றவங்க இந்த 53 பேரோட வீட்டுக்காரங்கள ஒரு நிமிசம் நெனைக்கணும்.

இப்ப காசு. தோட்டத்துல பொறந்தவங்களுக்கு இது சொல்லாமலே வெளங்கும். தேயிலக் கன்னு நட்டுட்டா மட்டும் மலை ஆயிருமா? புல்லு வெட்டணும், உரம் போடணும், வருசக் கணக்குப் பாத்து கவ்வாத்து வெட்டணும், காலைப் பெரட்டுக்கு வேலையாள் வரணும். நாலஞ்சு வருசம் கைவிட்டுப் பாருங்க, செடி ஆளுயரம் போயி காடாகி பன்னியும் பாம்பும் குடியேறிரும். கைவிட்ட மலைங்க நம்ம கண்ணு முன்னாடியே எத்தன கெடக்கு. நீர்மூழ்கியும் அப்படித்தான், வாங்குற வெல கன்னு நடுற செலவு மாதிரி.

ஒரு சரக்குக் கப்பலையே அஞ்சு வருசத்துல ரெண்டு தடவ டிரை டாக்ல, அதாவது தண்ணியில்லாம கப்பல நிறுத்தி ரிப்பேர் பாக்குற எடத்துல, ஏத்தணும், நீர்மூழ்கிக்கு இது இன்னும் கடும், வருசக் கணக்குல உள்ள கெடக்கும். அதனாலதான் ஒண்ணு கடல்ல இருக்கணும்னா மூணு வேணும்னு கணக்கு, ஒண்ணு காவல்ல, ஒண்ணு பயிற்சியில, ஒண்ணு ரிப்பேர்ல. ஜெர்மனி ஒலகத்துக்கே நீர்மூழ்கி செஞ்சு விக்கிற நாடு, 2017 கடைசியில அவங்களோட ஆறும் ஒரே நேரத்துல ஓட முடியாமக் கெடந்துச்சு, உதிரிப்பாகம் இல்ல. ஆஸ்திரேலியாகிட்ட காலின்ஸ் வகை ஆறு இருந்துச்சு, 2008 வாக்குல மூணுக்குத்தான் ஆள் இருந்துச்சு. நல்ல சம்பளம் குடுக்குற நாட்டுலயே, மாசக்கணக்கா வெயில் படாம, வீட்டுக்கு போன் பேசாம, பக்கத்து ஆளோட வேர்வை நாத்தத்துல கெடக்க பையங்க வரல. ஸ்பெயின் தானே செஞ்ச நீர்மூழ்கி கணக்குத் தப்பி பாரம் கூடிப்போச்சு, மேல வர்றதுக்காக நீளத்தக் கூட்டுனாங்க, கூட்டுனதும் கட்டி நிறுத்துற எடம் பத்தல, அதையும் தோண்டிப் பெருசாக்க வேண்டியதாப் போச்சு.

அதே ஆஸ்திரேலியா பிரான்ஸ்கிட்ட 12 கேட்டு, ஒப்பந்தத்த 2021 செப்டம்பர்ல முறிச்சு, அந்தக் கம்பெனிக்கு 830 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் நட்டஈடு குடுத்துட்டு, இப்ப அமெரிக்கா பிரிட்டனோட சேந்து அணுசக்தி நீர்மூழ்கிக்குப் போறாங்க. 2050கள் வரைக்கும் அதுக்குப் போட்டிருக்கிற கணக்கு 268லேர்ந்து 368 பில்லியன் ஆஸ்திரேலிய டாலர். அவ்ளோ பெரிய பணக்கார நாட்டுலயே இது தேவையான்னு சண்ட ஓயல. என் அபிப்பிராயம், அவங்களுக்கு நீர்மூழ்கி தேவை, ஆனா அணுசக்தியில போனது கைக்கு எட்டாத கொப்புக்குத் தாவுற மாதிரி.

நம்ம தம்பி சொன்ன பங்களாதேஷுக்கு வருவோம். அவங்க சீனாகிட்ட ரெண்டு பழைய மிங் வகை நீர்மூழ்கி வாங்கி 2017 மார்ச்சுல சேவையில சேத்தாங்க, வெல சுமார் 203 மில்லியன் டாலர்னு செய்தி. மலிவுதானேன்னு தோணும். ஆனா அதுகள நிறுத்த காக்ஸ் பஜார் பக்கம் ஒரு தளம் கட்டி 2023ல தொறந்தாங்க, அதுக்கு ஆனது 1.2 பில்லியன் டாலர். மாடு ஒரு வெல, தொழுவம் ஆறு வெல. தாய்லாந்து கதை இன்னும் பாவம். 2017ல சீனாகிட்ட 13.5 பில்லியன் பாத், அது தாய்லாந்து காசு, அதுக்கு ஒண்ணு ஆர்டர் பண்ணாங்க, அதுக்கு ஜெர்மன் எஞ்சின்னு பேச்சு, சீனாவுக்கு ஆயுதம் விக்கிறதுல ஐரோப்பாவுக்குத் தடை இருக்குன்னு ஜெர்மனி எஞ்சின் குடுக்கல, 2023ல வந்திருக்க வேண்டியது இழுத்துக்கிட்டே போயி கடைசியில 2025ல சீன எஞ்சினையே ஏத்துக்க வேண்டியதாப் போச்சு. சொந்தமாச் செய்யாத நாடு நீர்மூழ்கி வாங்கினா, அடுத்த ரெண்டு நாட்டுச் சண்டையையும் சேத்துத்தான் வாங்குது.

"சிங்கப்பூர் சின்னத் தீவுதானே, அவங்க வச்சிருக்காங்களே"ன்னு கேக்கலாம். கேக்க வேண்டிய கேள்விதான். சிங்கப்பூர் 1995ல சுவீடனோட பழைய நீர்மூழ்கி வாங்கி, பையங்கள சுவீடனுக்கே அனுப்பிப் பழக்கி, அடுத்து கொஞ்சம் புதுசுக்குப் போயி, கிட்டத்தட்ட 30 வருசம் கழிச்சுத்தான் ஜெர்மனிகிட்ட தனக்குன்னு வடிவமைச்சுப் புதுசு எடுத்துச்சு. நடுவுல ஒரு வருசம் கூட காசு நிக்கல. தைவான்னா எனக்குச் சந்தேகமே இல்ல, அவங்க மேல படை எடுக்குறவங்க கடல் தாண்டித்தான் வரணும், அவங்க சொந்தமா செஞ்சு 2023ல அறிமுகப்படுத்துனது நியாயமான செலவு. இந்தியாவும் அப்படித்தான், ஒரு பக்கம் பாகிஸ்தான், இன்னொரு பக்கம் சீனா இந்து சமுத்திரத்துக்குள்ள வருது. மும்பையில கட்டுன கல்வரி வகை ஆறும் 2017லேர்ந்து 2025க்குள்ள சேந்துச்சு, கட்டப் பழகிக்கிட்டாங்கங்கிறதுதான் அதுல பெரிய லாபம்.

இப்ப நம்ம நாடு. 2014 அக்டோபர் 29 காலையில கொஸ்லந்தை மீரியபெத்தையில மலை சரிஞ்சு லயத்த மூடுச்சு. நான் அப்ப லீவுல வீட்ல இருந்தேன். அம்மா ரேடியோவ விட்டு நகரல, தெரிஞ்சவங்க பேர் வந்துருமோன்னு. அந்த எடம் ஆபத்துன்னு முந்தியே எச்சரிக்க வந்தும் சனத்த மாத்தல. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சு, அக்டோபர் 31ல, சீன நீர்மூழ்கி ஒண்ணு கொழும்பு துறைமுகத்துக்கு வந்துச்சு. செப்டம்பர்ல ஒண்ணு வந்து போயி ஏழு வாரத்துல ரெண்டாவது. ஒரே வாரத்துல நம்ம சனம் மண்ணுக்குள்ள, வேற நாட்டு நீர்மூழ்கி கொழும்புல, இந்தியாவுக்குக் கோவம். பொறகு 2017 மே 12ல மோடி டிக்கோயா ஆஸ்பத்திரிய தொறக்க வந்து நோர்வூட் கிரவுண்டுல பேசுனாரே, நானும் வெயில்ல நின்னு கேட்டேன், அதே நாட்கள்லதான் இன்னொரு சீன நீர்மூழ்கி கொழும்புக்கு வரக் கேட்டு நம்ம அரசாங்கம் முடியாதுன்னு சொன்ன செய்தி வந்துச்சு. நம்ம பிரச்சின நம்மகிட்ட நீர்மூழ்கி இல்லாதது கெடையாது தம்பி, மத்தவங்க நீர்மூழ்கிங்களுக்கு நடுவுல நம்ம இருக்கிறது.

அந்த மத்தவங்களோட நம்ம ஒண்ணோ ரெண்டோ வாங்கிச் சண்ட போட முடியுமா? முடியாது, போடவும் தேவையில்ல. நம்ம கடல்ல நெசமா நடக்குறது வேற. வடக்க பாக்கு நீரிணையில இழுவைப் படகுப் பிரச்சின, அங்க தண்ணி பல எடத்துல பத்துப் பன்னெண்டு மீட்டர்தான், நீர்மூழ்கியோட ஒயரமே அதுக்கு மேல. தெக்க ஆழக்கடல்ல போதைப்பொருள் ரோலர் படகுங்க, அதுக்கு ரோந்துக் கப்பலும் விமானமும் போதும். 2021 மே மாசம் எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் கொழும்புக்கு வெளிய எரிஞ்சு, மேல்கரை முழுக்க பிளாஸ்டிக் மணி ஒதுங்கி, ஆமையும் டொல்பினும் செத்து மெதந்துச்சே, அன்னைக்குத் தேவைப்பட்டது தீயணைக்குற இழுவைக் கப்பல்.

2022 ஞாபகம் இருக்கும். ஏப்ரல் 12ல வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாதுன்னு நாடே அறிவிச்சுச்சு. டீசல் கப்பலும் கேஸ் கப்பலும் கொழும்புக்கு வெளிய வந்து நின்னுச்சு, குடுக்க டாலர் இல்லாததால சாமான் எறக்கல. ஹட்டன்ல மண்ணெண்ணெய்க்கு கேனோட விடிய விடிய நின்ன பொம்பளைங்கள நான் பாத்தேன். ஜெர்மன்காரன் பிரிட்டனுக்குச் செய்யப் பாத்தத, ஒரு டார்பிடோ இல்லாம வெறும் காலி கஜானா நமக்குச் செஞ்சிருச்சு. அதுக்குப் பொறகு ஐஎம்எஃப் தவணை தவணையாத் தர்ற காசு ஒரு தவணைக்கு 330, 350 மில்லியன் டாலர் அளவு, அதுக்காக வரியக் கூட்டி கரண்ட் பில்லக் கூட்டி எல்லாத்தையும் தாங்குனோம். ஒரு புது டீசல் நீர்மூழ்கி அந்த ஒரு தவணைக்கு மேல வெல. 2024ல நாள் சம்பளம் 1,350 ரூபாவாகுறதுக்கே நம்ம சனம் எத்தன வருசம் ரோட்டுல எறங்குச்சு. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல்ல நாடு பூரா 600க்கும் மேல செத்தாங்களே, அதுல மலை சரிஞ்சு போனவங்க எத்தன பேர். நாட்டுப் பாதுகாப்புங்கிற சொல்லுக்குள்ள அந்த லயங்களும் வரணும்னு நான் கேக்குறேன்.

அதுக்காக கடல கவனிக்காம விடச் சொல்லல. நம்ம பொருளாதாரக் கடல், அதாவது மீனும் மத்த வளமும் எடுக்க நமக்கு மட்டும் உரிமை உள்ள கடல், 5 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல, தரையப் போல கிட்டத்தட்ட எட்டு மடங்கு. அதப் பாக்க கண்ணு வேணும், அதாவது ரோந்து விமானம், ரேடார், ஆழக்கடல்ல நிக்கிற ரோந்துக் கப்பல். இந்தியா 2022 ஆகஸ்ட் 15ல ஒரு டோர்னியர் விமானம் குடுத்துச்சு, ஆச்சரியமா அடுத்த நாளே செயற்கைக்கோள், ரொக்கெட்டக் கண்காணிக்கிற சீனாவோட கப்பல் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைக்கு வந்து நின்னுச்சு. இங்க வர்ற ஆராய்ச்சிக் கப்பலுக்கு ஏன் இவ்ளோ சண்டன்னா, மேல சொன்ன அந்தச் சூட்டுக் கணக்குதான் பாதி காரணம். எந்த ஆழத்துல தண்ணி குளிருது, எவ்ளோ உப்பு, தரை எப்படி இருக்குன்னு அளந்து வச்சவனுக்குத்தான் நீர்மூழ்கிய ஒளிக்கவும் தெரியும், தேடவும் தெரியும். திருகோணமலை துறைமுகத்துக்கு வெளியவே பெரிய பள்ளத்தாக்கு மாதிரி ஆழம் கடலுக்குள்ள எறங்குது, அத நம்மளவிட வேற நாட்டுக்காரங்க நல்லா அளந்து வச்சிருந்தா அது நமக்கு ஆபத்து. 2024 முழுக்க வெளிநாட்டு ஆராய்ச்சிக் கப்பல் வரக்கூடாதுன்னு நம்ம அரசாங்கம் தட போட்டுச்சு, சரிதான், ஆனா தட மட்டும் போட்டா நம்மளும் அளக்க மாட்டோம், அவங்களும் வர மாட்டாங்க.

அப்படியும் ஒரு நாள் சண்டன்னு வந்தா? உக்ரைன பாருங்க. நேவின்னு சொல்லிக்க ஒண்ணும் மிச்சமில்லாத நாடு, 2022 ஏப்ரல்ல கரையிலேர்ந்து ஏவுகணை விட்டு ரஷ்யாவோட பெரிய போர்க்கப்பல் மொஸ்க்வாவ முக்குச்சு, 2023 செப்டம்பர்ல செவஸ்தபோல்ல டிரை டாக்ல ஏத்தி வச்சிருந்த ரஷ்ய நீர்மூழ்கியவே அடிச்சுச்சு, ஆளில்லாத படகுங்கள விட்டு மிச்சக் கப்பல்கள அந்தப் பக்கமே வர விடாமப் பண்ணுச்சு. சின்ன நாடு கத்துக்க வேண்டியது அங்கதான் இருக்கு. நீர்மூழ்கி கடலுக்குள்ள ராஜா, டாக்ல ஏறி நிக்கிறப்ப அசையக்கூட முடியாது, மூணுல ஒரு பங்கு காலம் அது அங்கதான் நிக்கும்.

தம்பி கடைசியா ஒண்ணு கேட்டிருந்தாரு, "சும்மா குடுத்தா வாங்கலாமா அண்ணே"ன்னு. மியன்மாருக்கு 2020ல இந்தியா தன்னோட பழைய சிந்துவீர குடுத்துச்சு, 2021ல சீனா ஒரு மிங் குடுத்துச்சு, ரெண்டு பேரும் போட்டி போட்டு. என் பதில், வேணாம். பழைய நீர்மூழ்கியோட பேட்டரி மட்டும் நூத்துக்கணக்கான செல்லு, பாரமும் டன் கணக்குல, சில வருசத்துக்கு ஒருக்கா மொத்தமா மாத்தணும், அத குடுத்தவன்கிட்டத்தான் வாங்கணும். பழக்கிவிட அவங்க ஆளுங்க வருசக்கணக்குல திருகோணமலையில வந்து இருப்பாங்க. ஒருத்தர்கிட்ட வாங்குனா மத்தவரு தானும் குடுக்குறேன்னு வந்து நிப்பாரு. அப்படி யாராவது குடுக்க வந்தா, கடல் அளக்குற கப்பல் ஒண்ணும், அதுல வேல பழக நம்ம பையங்க பொண்ணுங்களுக்கு எடமும் கேக்கணும், அளக்குற கணக்கு நம்மகிட்டயே இருக்கணும்னு எழுதி வாங்கணும். அந்த வேலைக்கு நேவி உடுப்பு மட்டுந்தான் வழின்னு இல்ல. ருகுணு பல்கலைக்கழகத்துல கடல் விஞ்ஞானத்துக்குன்னே ஒரு பீடம் இருக்கு, மட்டக்குளியில சமுத்திரப் பல்கலைக்கழகம் இருக்கு. சத்தம் வளையுற கணக்க ஏ/எல் பௌதிகத்துலயே படிச்சிருப்பீங்க, ரிசல்ட் வந்ததும் அந்த ரெண்டு எடத்தையும் ஒருக்கா விசாரிச்சுப் பாருங்க தம்பி.